மேப்பிள் மரத்தடியில் வயோலா நடுவது எப்படி

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் பழைய வீடு வாங்கினால் கூடவே ஒரு நோர்வே மேப்பிளும் வந்து சேரும். அதன் அடியில் புல்லே ஒழுங்காக முளைக்காது. அப்படியொரு மரத்தடியில்தான் என் வயோலாக்கள் (சின்னப் பூச்செடிகள்) நிற்கின்றன. பசளை கலப்பது, பாத்தி துப்புரவாக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. எந்தச் செடி?

தோட்டக் கடைகளில் ஆறு ஆறாகத் தட்டில் வருபவை வயோலா கோர்னூட்டா கலப்பினங்கள். அதில் 'சோர்பே' வரிசை எனக்குப் பிடித்தது. பான்சியும் இதே வயோலாப் பேரினம்தான், ஆனால் பூ பெரிது. ஒரு மழை அடித்தால் சேற்றில் படுத்துவிடும். நிழல் பாத்திக்குச் சின்னப் பூதான் சரி.

'லாப்ரடோர் வயலட்' என்று சீட்டுக் குத்தி, கருஊதா இலையோடு ஒன்று விற்கும். பல இடங்களில் அது ஐரோப்பாவின் வயோலா ரிவினியானாதான். நிழலில் நன்றாகவே வரும், வாங்கலாம். இந்த மண்ணின் செடிதான் வேண்டும் என்றால் சுதேசச் செடிகள் விற்கும் நர்சரியில் கேளுங்கள்.

காசில்லாமல் கிடைப்பது வயோலா சொரோரியா. இதய வடிவ இலை, வசந்தத்தில் நீலஊதாப் பூ. அனேகமாக உங்கள் புல்தரையிலேயே நிற்கும். மழை பெய்த மறுநாள், இஞ்சித் துண்டு போலிருக்கும் அதன் கிழங்கோடு கிளறி எடுங்கள். பூங்காவில் மட்டும் கை வைக்க வேண்டாம், அங்கே செடி பிடுங்கத் தடை உண்டு.

சுப்பர்மார்க்கெட்டில் சின்னச் சாடியில் இருக்கும் ஆபிரிக்கன் வயலட் வேறு குடும்பம். அது வீட்டுக்குள் வைப்பது.

2. எப்போது வாங்குவது?

மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின வார இறுதி வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது தக்காளிக்கும் மிளகாய்க்கும் உள்ள கணக்கு. வெளிக் குளிருக்குப் பழகிய வயோலா லேசான உறைபனியைத் தாங்கும். ஏப்ரல் கடைசியில் நட்டால், மேப்பிள் இலை விரியும் முன் கிடைக்கும் வெயில் முழுவதையும் குடித்துவிடும். மே கடைசியில் கடையில் மிஞ்சுவது நெடுத்து வெளிறிய கன்றுகள்தான். பூ நிறைந்ததை விட்டு, மொட்டு வைத்த கட்டையான கன்றை எடுங்கள்.

3. நடுவது

சிக்கல் இங்கேதான். வயோலா வாடினால் எல்லோரும் நிழலைக் குறை சொல்வார்கள். மேப்பிள் அடியில் அதைக் கொல்வது பெரும்பாலும் வறட்சி. மேலே அடர்ந்த இலை மழையைத் தடுக்கும். கீழே மண்ணின் மேற்பரப்பிலேயே பின்னிக் கிடக்கும் வேர் மிச்சத்தை உறிஞ்சிவிடும். நல்ல மழை விட்டதும் போய் விரலை விட்டுப் பாருங்கள். மேலே ஈரம், ஒரு விரற்கட்டை கீழே தூள் மண்.

இதற்கு அரை அடி புது மண் கொட்டி மேடை கட்டச் சொல்வோர் உண்டு. செய்யாதீர்கள். மரத்தின் வேர் மூச்சுத் திணறும். திணறாத வேர் மேலேறி வந்து அந்தப் புது மண்ணையும் பிடித்துக்கொள்ளும்.

பாத்தி முழுவதையும் கொத்தவும் வேண்டாம். அடிமரத்தை விட்டு ஒரு மீற்றராவது தள்ளி, பெரிய வேர்களுக்கு இடையில் தனித்தனிக் குழி எடுங்கள். மண்வெட்டி இங்கே உதவாது. ஹொரி ஹொரி என்ற ஜப்பானியத் தோட்டக் கத்தி அருமையான சாமான். இல்லையென்றால் பாண் வெட்டும் பழைய பல்லுக் கத்தியே போதும். நூல் போன்ற வேர்களை அறுக்கலாம். பெருவிரல் தடிப்புள்ளதைக் கண்டால் குழியை நகர்த்துங்கள். சாடியைப் போல இரண்டு மடங்கு அகலம், உள்ளே இரண்டு கை உக்கிய இலை. (பழுப்புப் பேப்பர்ப் பையில் கட்டி வாசலில் வைக்கிறோமே, அந்த இலைதான். ஒரு மூலையில் குவித்து உக்க விடுங்கள்.) கன்றை முதலில் தண்ணீரில் ஊற வைத்து, அடியில் சுருண்ட வேரை விரலால் பிரித்து, சாடியில் இருந்த அதே ஆழத்தில் வையுங்கள். கன்றுக்குக் கன்று 15 முதல் 20 செ.மீ.

4. பிறகு

முதல் மாதம் தண்ணீரைத் தவற விடாதீர்கள். தெளிகுழாய் வேலைக்காகாது, குழாயை மெதுவாகத் திறந்து ஒவ்வொரு குழியிலும் நிற்க விடுங்கள். யூலை வெக்கையில் கடை வயோலா சோர்ந்து நீளும். கத்தரிக்கோலால் பாதிக்கு வெட்டுங்கள். பார்க்க மனம் கேட்காது, ஆனால் செப்டெம்பர்க் குளிர்மையில் திரும்பவும் பூக்கும்.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்காக

*வீட்டின் வடக்குப் பக்கம் சரிவருமா?* வரும். யூனில் இங்கே சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால், காலையும் மாலையும் கொஞ்சம் வெயில் விழும். மரமில்லாத சுவரடி என்றால் மேப்பிள் அடியை விடச் சுகம்.

*முயல் தின்கிறது.* ஆம், அதற்கு இது சலாது. கோழிக்கம்பி வலையைத் தவிர எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

*சொரோரியா பூக்கவே இல்லை, ஆனால் எங்கும் முளைக்கிறது!* கோடையில் இலைகளை விலக்கி மண்ணோடு ஒட்டிப் பாருங்கள். குட்டைக் காம்பில் மொட்டு மாதிரி ஒன்று தலை குனிந்திருக்கும். அது விரியாது, மூடியபடியே தன்னைத்தானே கருவுறச் செய்து விதை கட்டும். காய் மூன்றாகப் பிளந்து விதையைச் சுண்டி எறிய, அதிலுள்ள கொழுப்புக்காக எறும்பு மிச்சத்தை இழுத்துப் போகும். பரவ வேண்டாம் என்றால் காய் பிளக்கும் முன் கிள்ளிவிடுங்கள். பல ஃபிரிட்டிலரி வண்ணத்துப்பூச்சிகளின் புழு வயலட் இலையைத்தான் தின்னும் என்பதால் நான் ஒரு மூலையை விட்டு வைத்திருக்கிறேன்.

*கேக்கில் பூ வைக்கலாமா?* வயோலாப் பூ தின்னக்கூடியதுதான். ஆனால் கடைக் கன்றுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாது. தின்ன வேண்டுமென்றால் விதையிலிருந்து வளருங்கள்: பெப்ரவரியில் வீட்டுக்குள், 18 முதல் 20 பாகை வெப்பத்தில், விதையை மண்ணால் மூடி. இருட்டில்தான் நன்றாக முளைக்கும், முளை தெரிந்ததும் வெளிச்சத்துக்கு எடுங்கள்.