ஜங்க் மெயில் தொல்லைக்கு ஒரு சின்ன வழி

நிலாவெளிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வைஃபைக்கு ஈமெயில் அட்ரஸ் கேட்டாங்க எண்டு குடுத்தன், அண்டையில இருந்து விடிஞ்சா பொழுதுபட்டா லொத்தர் விழுந்திருக்கு, கடன் தாறம் எண்டு ஒரே குப்பை.

இப்ப நான் செய்யிறது இதுதான். ஜிமெயில் வச்சிருக்கிறாக்கள் அட்ரஸ் குடுக்கேக்க உங்கட பேருக்குப் பின்னால, அந்த அட் குறிக்கு முன்னால, ஒரு பிளஸ் போட்டு கடைப் பேரையும் சேர்த்துக் குடுங்கோ, மெயில் வழமை போல உங்களுக்குத்தான் வரும், ஆனா குப்பை வந்தா எந்த அட்ரஸுக்கு வந்திருக்கு எண்டு பாத்தாலே ஆர் வெளியில விட்டது எண்டு விளங்கிடும், பிறகு அந்த அட்ரஸுக்கு வாறதைத் தானா ஒதுக்கிற மாதிரி ஒரு ஃபில்டர் போட்டா கதை முடிஞ்சுது. சில சைட் பிளஸ்ஸை எடுக்காது, என்ன செய்யிறது.

இனி அனுப்பாதேங்கோ எண்டு சொல்லுற அன்சப்ஸ்கிரைப் பட்டனை நீங்களே பதிஞ்ச கடையள் அனுப்புற மெயிலில மட்டும் அமத்துங்கோ. முன்பின் தெரியாதவன் அனுப்பினதில அமத்தினா, இந்த அட்ரஸில ஆள் இருக்கு எண்டு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி. அதுகளைச் சும்மா டிலீட் பண்ணாம ஸ்பாம் எண்டு ரிப்போர்ட் பண்ணுங்கோ, அப்பதான் ஃபில்டர் பழகும்.

ஜிமெயில்ல ஸ்பாமுக்குள்ள போனது 30 நாளில தானா அழிஞ்சிடும், அதால கிழமைக்கு ஒருக்கா எட்டிப் பாருங்கோ. என்ர இன்டர்வியூ கடிதமே ஒருக்கா அதுக்குள்ளதான் கிடந்தது!