ரூட் செய்யாமலே ஆண்ட்ராய்டு போனை ஆர்டுவினோவோடு பேச வைப்பது

லினக்ஸ் லேப்டாப்பில் ஆர்டுவினோ போர்டை (சென்சார், மோட்டார் போன்றவற்றை இயக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) செருகினால் டெவ் ஃபோல்டருக்குள் ஒரு டிடிஒய் ஃபைல், அதாவது சீரியல் போர்ட்டைக் குறிக்கும் ஃபைல், முளைக்கும், அதைத் திறந்து படித்தால் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கர்னல்தானே, அங்கேயும் இதையே செய்யலாமே என்று தோன்றும். நடக்காது. பல போன்களின் கர்னலில் அந்தச் சீரியல் டிரைவரையே சேர்த்திருக்க மாட்டார்கள், சேர்த்திருந்தாலும் சாதாரண ஆப் அந்த ஃபைலைத் தொட எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு விடாது. ரூட் செய்தால், அதாவது போனின் முழு நிர்வாக அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டால், வழி உண்டுதான், ஆனால் உங்கள் ஆப்பை நிறுவப்போகிற எல்லோரையும் போனை ரூட் செய்யச் சொல்ல முடியுமா?

இதற்கென்றே ஆண்ட்ராய்டு 3.1-லிருந்து, அதாவது 2011-லிருந்து, யூஎஸ்பி ஹோஸ்ட் ஏபிஐ என்று ஒன்று இருக்கிறது. கர்னல் டிரைவரை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வருகிற பைட்டுகளை நேராக உங்கள் ஆப்பின் கையில் கொடுத்துவிடும். டிரைவர் செய்ய வேண்டிய வேலையை அப்புறம் நீங்கள்தான் செய்ய வேண்டும். அது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை, உண்மையில் ஆளைப் படுத்துவது பயனரிடம் அனுமதி வாங்கும் பர்மிஷன்தான்.

புரோகிராம் எழுதும் முன்னால் கேபிள். ஓடிஜி (போனில் வேறு யூஎஸ்பி சாதனத்தைச் செருக உதவுவது) கேபிள் அல்லது அடாப்டர் வேண்டும், வெறும் சார்ஜிங் கேபிளில் டேட்டா ஒயரே இருக்காது. சில போன்களில் ஓடிஜி-க்கு செட்டிங்ஸில் தனி சுவிட்ச் இருக்கிறது, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அதுவாகவே அணைந்தும் விடும். போர்டு தெரியவில்லை என்றால் புரோகிராமைத் தோண்டும் முன் அதைப் பாருங்கள். போன் கொடுக்கும் கரண்டில் ஊனோ (ஆர்டுவினோவின் ஒரு மாடல்) போர்டும் ஒரு சென்சாரும் ஓடும். மோட்டார், ரிலே எல்லாம் இருந்தால் தனி பவர் சப்ளை கொடுத்து கிரவுண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போனின் ஒரே போர்ட்டில் ஆர்டுவினோ உட்கார்ந்துவிட்டால் டீபக் செய்வது எப்படி? ஆண்ட்ராய்டு 11-லிருந்து டெவலப்பர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் டீபக்கிங் இருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். எமுலேட்டரை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள், உண்மையான போன்தான் வேண்டும்.

ஆப்பின் தேவைகளை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைலில் கேமராவுக்குப் போடுவது மாதிரி யூஸஸ்-பர்மிஷன் வரி எதுவும் கிடையாது. யூஎஸ்பி ஹோஸ்ட் வசதி தேவை என்று யூஸஸ்-ஃபீச்சர் ஒன்று, போர்டைச் செருகியதும் ஆப் திறக்க ஒரு இன்டென்ட் (ஆண்ட்ராய்டு அனுப்பும் செய்தி) ஃபில்டர், அந்த ஃபில்டர் சுட்டும் சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல், அவ்வளவுதான். அந்த எக்ஸ்எம்எல்லில் வெண்டர் ஐடி, பிராடக்ட் ஐடி இரண்டையும் டெசிமலிலேயே எழுதுங்கள். அசல் ஊனோ ஆர்3 என்றால் 9025, 67. கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் குளோன் போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340 என்ற யூஎஸ்பி-சீரியல் சிப்தான் இருக்கும், அதற்கு 6790, 29987. சிபி2102 என்றால் 4292, 60000. எஃப்டிடிஐ சிப்புக்கு 1027, 24577.

இனி பர்மிஷன். ஃபில்டர் வழியாக ஆப் திறந்தால் அந்த போர்டுக்கான அனுமதி கூடவே வந்துவிடும். ஆப் ஏற்கெனவே திறந்திருக்கும்போது நீங்களே போர்டைத் தேடிப் பிடித்தீர்களானால் யூஎஸ்பி மேனேஜரிடம் ரிக்வெஸ்ட் பர்மிஷன் கேட்க வேண்டும், அதற்கு ஒரு பென்டிங் இன்டென்ட் (சிஸ்டம் பிறகு உங்களுக்குப் பதில் அனுப்பப் பயன்படுத்துவது) கொடுக்க வேண்டும். நெட்டில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் எல்லாம் உடைவது இங்கேதான். ஆண்ட்ராய்டு 12-ஐ டார்கெட் செய்தால் அந்த இன்டென்ட் மியூட்டபிளா (மாற்றக்கூடியதா) இம்மியூட்டபிளா (மாற்ற முடியாததா) என்று கட்டாயம் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து இம்மியூட்டபிள் போட்டால், பயனர் ஓகே அழுத்திய பிறகும் பதிலை வாங்கும் உங்கள் ரிசீவருக்கு அனுமதி இல்லை என்றே தகவல் வரும், ஏனென்றால் பதிலை அந்த இன்டென்டுக்குள் எழுத சிஸ்டத்தால் முடியாது. சரி என்று மியூட்டபிள் போட்டுவிட்டு ஆண்ட்ராய்டு 14-ஐ டார்கெட் செய்தால் ஆப் நேராக கிராஷ், எந்த ஆப்புக்கு என்று குறிப்பிடாத மியூட்டபிள் இன்டென்டை அது ஏற்பதில்லை. செட் பேக்கேஜ் போட்டு உங்கள் ஆப்பின் பெயரைக் கொடுத்தால் தீர்ந்தது, ரிசீவரைப் பதிவு செய்யும்போது நாட் எக்ஸ்போர்டட் என்றும் சொல்லிவிடுங்கள். ரிசீவரில் வருகிற பதிலை நம்பாமல் ஹாஸ் பர்மிஷன் என்று யூஎஸ்பி மேனேஜரிடமே கேட்டுவிடுவது எனக்குப் பிடித்த வழி, உண்மை நிலவரம் அதற்குத்தான் தெரியும்.

அனுமதி வந்ததும் ஓப்பன் டிவைஸ், பிறகு கிளெய்ம் இன்டர்ஃபேஸ். கிளெய்மின் இரண்டாவது மதிப்பை ட்ரூ என்று கொடுங்கள், கர்னல் டிரைவர் பிடித்து வைத்திருந்தாலும் அதை விலக்கிவிட்டுக் கொடுக்கும். அசல் ஊனோ சிடிசி (யூஎஸ்பி-யின் பொதுவான சீரியல் தரம்) வகை, இரண்டு இன்டர்ஃபேஸ் காட்டும்: 0 கட்டுப்பாட்டுக்கு, 1 டேட்டாவுக்கு. இரண்டையும் கிளெய்ம் செய்யுங்கள். 1-க்குள் இரண்டு பல்க் எண்ட்பாயின்ட் (டேட்டா போய்வரும் வாசல்) இருக்கும், உள்ளே வருவது எது வெளியே போவது எது என்று டைரக்‌ஷனைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பாட் ரேட் (சீரியல் வேகம்) வைக்க ஒரு கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபர் போதும். ரிக்வெஸ்ட் டைப் 33, ரிக்வெஸ்ட் 32, வேல்யூ 0, இன்டெக்ஸ் 0, கூடவே ஏழு பைட். 9600 பாடுக்கு அந்த ஏழும் 128, 37, 0, 0, 0, 0, 8. முதல் நான்கும் வேகம், சின்ன பைட் முதலில் வரும் (37-ஐ 256-ஆல் பெருக்கி 128 கூட்டினால் 9600), பிறகு ஸ்டாப் பிட், பாரிட்டி, கடைசி 8 டேட்டா பிட். ஆப் எழுதும் மொழியான காட்லினில் பைட் என்பது மைனஸ் 128-லிருந்து 127 வரைதான், அதனால் 128-ஐ டூ பைட் போட்டு மாற்ற வேண்டும். அடுத்து ரிக்வெஸ்ட் 34, வேல்யூ 3 என்று இன்னொன்று அனுப்புங்கள், அதுதான் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு சீரியல் சிக்னல்களையும் எழுப்பும். டிடிஆர் எழுந்ததும் ஊனோ ரீசெட் ஆகும், பூட்லோடர் (போர்டைத் தொடங்கும் புரோகிராம்) ஓடி முடிய ஓரிரு விநாடி எடுக்கும், அதற்குள் நீங்கள் அனுப்பும் கட்டளை காற்றோடு போய்விடும். லியோனார்டோ என்ற இன்னொரு மாடல் வேறு மாதிரி, அதில் வழக்கமான ஸ்கெட்சுகள் (ஆர்டுவினோ புரோகிராம்கள்) டிடிஆர் எழும்வரை காத்துக்கொண்டே இருக்கும்.

படிப்பதைத் தனி த்ரெட்டில் வையுங்கள். பல்க் டிரான்ஸ்ஃபர் மைனஸ் எண் கொடுத்தால் கேபிள் பிடுங்கப்பட்டது என்று முடிவு கட்டாதீர்கள், வெறும் டைம்அவுட்டுக்கும் அதுதான் வரும். ஆர்டுவினோ ஒரு வரியாக அனுப்பினாலும் உங்களுக்கு அது இரண்டு மூன்று துண்டாக வரலாம், ஆகவே நியூலைன் வரும்வரை பஃபரில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், வெப்பநிலை 31.5 என்று வர வேண்டியது 3 என்று காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய போன்களுக்கும் எழுதுகிறீர்கள் என்றால், ஆண்ட்ராய்டு 9-க்கு முன்பு ஒரு தடவைக்கு 16384 பைட்டுக்கு மேல் கேட்டாலும் அந்த அளவோடு வெட்டிவிடும்.

மேலே சொன்னது சிடிசி-க்கு மட்டும். சிஎச்340-இன் கட்டளைகள் முற்றிலும் வேறு, எஃப்டிடிஐ சிப்போ ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் இரண்டு ஸ்டேட்டஸ் பைட் ஒட்டி அனுப்பும், அதை நீங்கள் கழிக்காவிட்டால் டேட்டாவுக்கு நடுவே குப்பை தெரியும். எல்லாவற்றையும் கையால் எழுதுவது வீண் வேலை. யூஎஸ்பி சீரியல் ஃபார் ஆண்ட்ராய்டு என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இந்தச் சிப்புகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும். சிடிசி-யை ஒரு முறை கையால் எழுதிப் பாருங்கள், பிறகு லைப்ரரிக்கு மாறுங்கள், உடையும்போது எங்கே பார்ப்பது என்று அப்போதுதான் தெரியும். பர்மிஷன் வேலையை மட்டும் லைப்ரரியும் செய்யாது. சி மொழியில் எழுதிய பழைய டிரைவர் கையில் இருந்தால், கனெக்‌ஷனின் ஃபைல் டிஸ்கிரிப்டரை வாங்கி என்டிகே (ஆண்ட்ராய்டில் சி மொழி எழுதும் கருவி) பக்கம் லிப்யூஎஸ்பி என்ற லைப்ரரியிடம் கொடுக்கலாம், அதற்கும் ரூட் வேண்டாம்.

திரை அணைந்த பிறகும் படிக்க வேண்டுமானால் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (அறிவிப்பு காட்டியபடி பின்னணியில் ஓடும் வேலை) போடுங்கள், ஆண்ட்ராய்டு 14-இல் அதன் வகை கனெக்டட் டிவைஸ் என்று மேனிஃபெஸ்டில் அறிவிக்க வேண்டும். டிட்டாச் பிராட்காஸ்ட் வந்தால் இன்டர்ஃபேஸை விடுவித்து கனெக்‌ஷனை மூடுங்கள்.

ஐபோனில் இதையெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியாது. இந்த மாதிரி பொதுவான யூஎஸ்பி ஏபிஐ-யை ஆப்பிள் அங்கே திறந்துவிடவில்லை, கேபிள் வழியாக வர நினைத்தால் எம்எஃப்ஐ என்ற ஆப்பிளின் துணைக்கருவி உரிமத் திட்டத்துக்குள் போக வேண்டும். வீட்டு புராஜெக்டுக்கு அது எட்டாது. இரண்டு வகைப் போனிலும் ஓட வேண்டுமானால் ஊனோவுக்குப் பதில் புளூடூத் உள்ள ஈஎஸ்பி32 போர்டு வாங்கி புளூடூத் லோ எனர்ஜியில் பேசுங்கள், ஐபோன் பக்கம் கோர் புளூடூத் போதும். வாங்கும்போது மட்டும் ஈஎஸ்பி32-எஸ்2 வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் வைஃபை உண்டு, புளூடூத் கிடையாது.