ரோமானிய உழைப்பாளிக்குச் செருப்பு செய்வது எப்படி

ரோமானியர் காலத்து நாடகமோ பள்ளிக் கண்காட்சியோ போடுகிறவர்கள் முதலில் செய்வது, வார் வாராகப் பின்னி விரல் வெளியே தெரிகிற படைவீரர் செருப்பைத்தான். அதையே வண்டிக்காரருக்கும் மாட்டுகிறார்கள், வயலில் நிற்கிறவருக்கும் மாட்டுகிறார்கள், குளியல்கூடத்தில் வேலை பார்க்கிறவரையும் விடுவதில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஆள் பகல் முழுக்க எந்தத் தரையில் நிற்கிறார் என்று முதலில் முடிவு செய்யுங்கள், எந்தச் செருப்பு என்பது அப்புறம் தானாகவே தெரிந்துவிடும்.

சேறு, ஈரம், சூடு என்றால் மரக்கட்டைச் செருப்புதான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய கேட்டோ, பண்ணை அடிமைகளுக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை நல்ல கட்டைச் செருப்பு கொடுக்கச் சொல்கிறார். 2 வருஷம் ஒரே கட்டை! அதனால் மேடையில் அது புத்தம் புதிதாகப் பளபளக்கக் கூடாது, குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருக்கட்டும். தரைக்கு அடியில் நெருப்பின் சூட்டை ஓடவிட்ட குளியல்கூடங்களிலும் கட்டை போட்டுத்தான் நடந்தார்கள். செய்வது சுலபம்: பாத அளவுக்கு ஒரு தடிமனான பலகை, அடியில் குறுக்கே இரண்டு மேடு விட்டு மற்றதைச் செதுக்கிவிடுங்கள், மேலே அகலமான ஒரு தோல் பட்டையை இரண்டு பக்கமும் ஆணி அடித்தால் முடிந்தது.

கல்லும் மேடும் உள்ள பாதை என்றால் ஆணி வைத்த பூட்ஸ். கி.பி. 301இல் ரோமானியப் பேரரசர் டயக்ளீஷியன் போட்ட உச்ச விலைப் பட்டியலில், கோவேறு கழுதை ஓட்டுகிறவர்களுக்கும் பண்ணை ஆட்களுக்குமான முதல் தர பூட்ஸ் 120 டினாரி (ரோமானிய நாணயம்), அதுவும் ஆணி இல்லாமல். படைவீரருடையது 100தான். பண்ணைக் கூலி சாப்பாடும் போட்டு ஒரு நாளைக்கு 25 என்கிறது அதே பட்டியல், அப்படியென்றால் ஒரு ஜோடி என்பது கிட்டத்தட்ட 5 நாள் உழைப்பு. உழைக்கிறவர் காலுக்கு எவ்வளவு கனமான சரக்கு தேவைப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். அடிப்பாகத்துக்கு இரண்டு மூன்று அடுக்குத் தோல் வைத்து, குமிழ்த் தலை இரும்பு ஆணியைக் கீழிருந்து அடித்து, உள்ளே வந்த முனையை மடக்கித் தட்டி, அதன் மேல் இன்னொரு தோல் போட்டு மூடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: மண்ணில் பிடிக்கும் இந்த ஆணி வழவழப்பான கல்லில் வழுக்கும். கி.பி. 70இல் ரோமானியர்களின் ஜெருசலேம் முற்றுகையின்போது ஜூலியானஸ் என்ற படைத் தலைவர் கோயில் கல்தளத்தில் இப்படித்தான் ஆணிச் செருப்போடு சறுக்கி விழுந்து கொல்லப்பட்டதாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதியிருக்கிறார். உங்கள் மேடை டைல்ஸ் போட்டது என்றால் ஆணியே வேண்டாம்.

சரி, வீட்டிலேயே செய்யக்கூடியது எது? கார்பட்டினா. அடியும் மேலும் சேர்ந்து ஒரே துண்டுத் தோல். வடக்கு இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கில் காலணிகள் கிடைத்திருக்கின்றன, இந்த வகையும் அதில் உண்டு. காற்றுப் புகாத ஈர மண், மரப்பட்டை போன்றவற்றில் பதனிட்ட தோல், இரண்டும் சேர்ந்துதான் அவற்றைக் காப்பாற்றின. எனவே கடையில் பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் என்று கேட்டு வாங்குங்கள், 2 மி.மீ. போதும். ஆவாரம்பட்டையில் பதனிட்டது கிடைத்தால் ரொம்ப நல்லது. குரோமிய உப்பில் பதனிடுகிற குரோம் தோல் 19ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம், அது நனைத்தாலும் காலின் வடிவத்துக்கு வராது.

காகிதத்தில் பாதத்தை வரைந்து, பக்கவாட்டில் 8 செ.மீ., விரல் பக்கமும் குதிகால் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக விட்டு, முதலில் பழைய கெட்டித் துணியில் வெட்டிக் காலில் சுற்றிப் பாருங்கள். நான் அவசரப்பட்டு நேராகத் தோலில் வெட்டினேன், பக்கவாட்டில் ஒரு விரற்கடை குறைந்து ஒரு முழுத் தோலும் வீணானது. பக்க ஓரங்களை விரல் அகல நாக்குகளாக வெட்டி, ஒவ்வொரு நாக்கின் நுனியிலும் ஒரு துளை போடுங்கள். வெட்டு முடிகிற இடத்தில் முதலில் ஒரு சின்ன வட்டத் துளை குத்திவிட்டு அப்புறம் வெட்டினால், இழுக்கும்போது அங்கிருந்து கிழியாது. குதிகாலை நடுவில் வெட்டி, இரண்டு ஓரத்தையும் சேர்த்து, மெழுகு தடவிய நூலால் தையுங்கள். விரல் பக்கத்து ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு ஒரு தோல் வாரை நுழைத்து இழுத்தால் சுருக்குப்பை வாய் மாதிரி சுருங்கி விரல்களை மூடும், அதே வாரை நாக்குகள் வழியாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கொண்டுபோய்க் கணுக்காலில் கட்டுங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் தோலை நனைத்து, சாக்ஸ் போட்ட காலில் மாட்டி அரை மணி நேரம் நடங்கள். பிறகு உள்ளே துணி அடைத்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் விறைத்துவிடும். சாக்ஸ் போடலாமா என்று தயங்க வேண்டாம், விண்டோலாண்டாவில் கிடைத்த ஒரு கடிதமே சாக்ஸும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பியதைப் பற்றித்தான் பேசுகிறது.

காய்ந்த பிறகு எண்ணெய். கேட்டோ சொல்வது, ஆலிவ் ஆட்டும்போது பிரிகிற கருப்புக் கசப்பு நீரைக் காய்ச்சிச் செருப்பு, வார், தோல் எல்லாவற்றிலும் தடவ வேண்டும் என்பது. நமக்கு விளக்கெண்ணெய் போதும், துணியில் தொட்டுத் தையல் மேல் இரண்டு தடவை அழுத்தித் தேய்க்கவும். வார் அறுந்துபோக வாய்ப்புண்டு, அதே தோலில் இன்னொன்று வெட்டிக் கைவசம் வைத்திருங்கள்.