"குமாஸ்தா செஞ்சது, எனக்குத் தெரியாது" என்று வக்கீல் சொல்லித் தப்ப முடியாது

வக்கீல் ஆபீஸில் வேலைக்குச் சேருகிற பலர் பார் கவுன்சில் (வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) எல்லாம் சார் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிடுகிறார்கள். பாதி சரிதான். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 35 வக்கீல் மீதுதான் பாயும். கண்டிப்பு, சஸ்பெண்ட், ரோலிலிருந்து (வக்கீல்கள் பதிவேடு) பெயர் நீக்கம் வரை போகும். ஆனால் புகாருக்கான விதை பல நேரம் விழுவது குமாஸ்தா மேஜையில்.

பொய்ச் சமாதானம்தான் இதில் மோசம். எங்கள் ஆபீஸிலேயே நடந்தது: கோர்ட்டில் குறை சொல்லி ரிட்டர்ன் ஆன பிளைன்ட் (வழக்கு மனு), திருப்பித் தாக்கல் செய்யக் கொடுத்த கெடு தாண்டியும் குமாஸ்தா பையிலேயே டிபன் டப்பாவுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. கட்சிக்காரர் கேட்கும்போதெல்லாம் "நம்பர் ஆயிடுச்சுண்ணே", அதாவது கோர்ட் வழக்கை ஏற்று எண் கொடுத்துவிட்டது என்றிருக்கிறார். தாமதத்தை மன்னிக்க மனு போட்டுச் சரிக்கட்டலாம், அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சரிக்கட்டுவது? ரிட்டர்ன் ஆனால் அன்றைக்கே சாரிடம் சொல்லுங்கள், திட்டு விழட்டும்.

அப்புறம், வெற்று வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் படிவம்) கட்சிக்காரர் கையெழுத்தை நாமே போடுவது. "அவருக்கு வர நேரமில்லை, அவர் சொல்லித்தான் போட்டேன்" என்பார்கள். அது போலி ஆவண வழக்கு. அதில் குமாஸ்தாவே நேரடியாக மாட்டுவார், பார் கவுன்சில் வரை போகவே வேண்டாம்.

பணம் வாங்கினால் ஃபீஸுக்கு எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கணக்கு வைக்கச் சொல்கிறது பார் கவுன்சில் விதி. கோர்ட் ஃபீஸுக்குக் கொடுத்த பணத்தைக் குமாஸ்தா தன் ஜிபேயில் வாங்கிக்கொண்டால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்?

ஆஸ்பத்திரி விபத்து வார்டு வாசலில் விசிட்டிங் கார்டு நீட்டுவதும் வேண்டாம். ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதை பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. டீக்கடையில் கட்சிக்காரர் கதையைப் பேசுவதும் அப்படித்தான். ரகசியம் காக்கும் கடமை குமாஸ்தாவுக்கும் உண்டு என்று 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் பிரிவு 132 வெளிப்படையாகவே சொல்கிறது.

கட்சிக்காரர் வேறு வக்கீலிடம் போகிறேன் என்று கேஸ் கட்டைக் கேட்டால், "பாக்கியைக் கொடு, கட்டை எடு" என்று கவுன்டர் போடாதீர்கள். ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பாக்கிக்குத் தனியாக வழக்குப் போடலாம். கட்டைக் கொடுக்கும்போது உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்டு, தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.