ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கேட்டு வாங்கப் பழக்குவது எப்படி?

மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றதும் பல வீடுகளில் சுவரில் படச் சார்ட்டை ஒட்டி, "இது என்ன? யானை சொல்லு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். யானை என்று சொல்வதால் குழந்தைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பிஸ்கெட்டைக் கேட்டால் பிஸ்கெட் கிடைக்கும். அதனால் கேட்டு வாங்குவதில்தான் தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் காது. கூப்பிட்டால் திரும்பாதது ஆட்டிசத்திலும் உண்டு, செவித்திறன் குறைவிலும் உண்டு. "கதவு சாத்தினா திரும்புறானே" என்று விட்டுவிடாதீர்கள். கதவுச் சத்தம் கேட்கிற காதுக்கு 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஓஏஇ, பெரா பரிசோதனைகளை முதலிலேயே செய்துவிடுங்கள். பேச்சுப் பயிற்சிக்குப் போனால், தெரபிஸ்டிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. சென்னை அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் என்.ஐ.இ.பி.எம்.டி. நிறுவனத்திலும் பேச்சுப் பயிற்சி உண்டு.

இனி பயிற்சி. குழந்தைக்கு மிகவும் பிடித்த பொருள் ஒன்றை உங்கள் வீட்டில் இருப்பது போலவே போட்டோ எடுத்து, இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டி லேமினேட் செய்யுங்கள். இரண்டு பேர் வேண்டும். அம்மா எதிரில் பிஸ்கெட்டுடன், பாட்டியோ அப்பாவோ குழந்தைக்குப் பின்னால், அந்தப் பட அட்டை நடுவில். குழந்தை பிஸ்கெட்டுக்குக் கை நீட்டும் அந்த நொடியில், பின்னால் இருப்பவர் அதன் கையைப் பிடித்து அட்டையை எடுக்க வைத்து, அம்மாவின் கையில் வைக்கச் செய்ய வேண்டும். அட்டை கைக்கு வந்ததும் அம்மா "பிஸ்கெட்!" என்று சொல்லி உடனே கொடுத்துவிட வேண்டும். ஒரு பிஸ்கெட்டை எட்டுத் துண்டாக உடைத்தால் எட்டு வாய்ப்பு. வயிறு நிறைந்த நேரத்தில் உட்கார வேண்டாம்.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. பின்னால் இருப்பவர் "கொடுடா கண்ணா" என்று வாய் திறப்பது ஒன்று. எதிரில் இருப்பவர் "என்ன வேணும்?" என்று கேட்பது மற்றொன்று. இரண்டிலும், யாராவது சொன்னால்தான் கேட்க வேண்டும் என்று குழந்தை பழகிவிடும். பின்னால் இருப்பவர் வாயைத் திறக்காமல், கை உதவியை மட்டும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் நிறைய பேருக்கு இருக்கிறது. அட்டை பேச்சைத் தடுப்பதில்லை. வரக்கூடிய பேச்சு அட்டையோடு சேர்ந்தே வரும்.

சொற்கள் வரத் தொடங்கும்போது ஒரு சிக்கல் வரும். தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் "தண்ணி வேணுமா?" என்று நாம் கேட்கிறோம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் குழந்தை, தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்றே வந்து நிற்கும். அது தண்ணீர்தான் கேட்கிறது, திட்டாதீர்கள், தண்ணீரைக் கொடுங்கள். கொடுக்கும்போது குழந்தை சொல்ல வேண்டிய வடிவத்தை நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." "ஃபேன் போடட்டுமா?" வேண்டாம், "ஃபேன் போடு." ஒரு சொல் பேசுகிற குழந்தையிடம் இரண்டு சொல்லில் பேசினால் போதும்.

பிறகு காத்திருங்கள். அபார்ட்மென்ட் லிஃப்ட் முன்னால் நின்று பட்டனை அழுத்தாமல் குழந்தையின் முகத்தைப் பார்த்து, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஊஞ்சலில் "ஒண்ணு, ரெண்டு…" என்று நிறுத்துங்கள். ஒரு பார்வை, ஒரு "ம்", கையை இழுப்பது, எது வந்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு உடனே ஆட்டிவிடுங்கள். அழும்வரை காக்க வைத்தால் அழுகைதான் கேட்கும் வழி என்று ஆகிவிடும்.

பள்ளியில் இங்கிலீஷ் என்பதற்காக வீட்டிலும் இங்கிலீஷுக்கு மாற வேண்டியதில்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்குத் தடையில்லாமல் வருகிற மொழியில்தான் நாள் முழுக்கப் பேச முடியும்.