ஆண்களுக்குப் பாலுறவு நாட்டம் குறையும்போது செய்யக்கூடாதவை

கடலூரில் என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், ஓர் ஆண் தயங்கித் தயங்கி "ஆசையே இல்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் மருந்துச்சீட்டை எடுத்துவிடுகிறார்கள். புகை, தொப்பை பற்றிய அறிவுரைகளை அனைவரும் அறிவர். ஆகவே மற்றவற்றைச் சொல்கிறேன்.

நாட்டத்தையும் விறைப்பையும் குழப்புவது

சில்டெனாஃபில் (வயாகரா) விறைப்புக்கு உதவும், நாட்டத்தைத் தராது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவருக்கு அதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

பரிசோதிக்காமல் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சிப்காட் ஆலையொன்றில் ஷிஃப்ட் வேலை பார்த்த ஒருவர், குழந்தையில்லை என்று மனைவியோடு வந்தார். இரவுப்பணி முடித்து, உறங்காமலேயே பிற்பகலில் கொடுத்த ஒரே இரத்தப் பரிசோதனையை நம்பி, வேறோர் இடத்தில் அவருக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டிருந்தார்கள். விந்துப் பரிசோதனையில் ஓர் உயிரணுகூட இல்லை. ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, விரைகளைத் தூண்ட அனுப்பும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன்களைக் குறைத்துவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு அது மீளும் என்றாலும், பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். "குழந்தை வேண்டுமா?" என்று ஒருவராவது முன்பே கேட்டிருக்கலாம்.

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்திலிருக்கும். எனவே நன்றாக உறங்கி எழுந்த பின், காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரு வேறு நாள்களில் பார்க்க வேண்டும். இருமுறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழிருந்தால் எல்ஹெச்சையும், பிட்யூட்டரி சுரக்கும் மற்றொரு ஹார்மோனான புரோலாக்டினையும் பார்க்க வேண்டும். புரோலாக்டின் மிகுந்திருந்தால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கக்கூடும். பலருக்கு அது கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

பேருந்து நிலையச் சுவரொட்டி லேகியம்

வேண்டாம்.

ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளைக் கேளாமல் விடுவது

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் நாட்டத்தைக் குறைக்கலாம். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரே அளவையோ மருந்தையோ மாற்றட்டும். மனச்சோர்வும் நாட்டத்தைக் குறைக்கும் என்பதால், எது முதலில் வந்தது என்று பொறுமையாகக் கேட்டறிய வேண்டும்.

மனைவியை வெளியிலேயே உட்காரவைப்பது

முதலில் கணவரிடம் தனியாகப் பேசிவிட்டு, அவர் இசைந்தால் மனைவியையும் அழைக்க வேண்டும். உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடையும் நாட்டத்தைக் குறைக்கும் காரணங்களுள் ஒன்று. கணவரின் பெருங்குறட்டையும் இடையில் மூச்சு நின்று நின்று வருவதும் அந்த அம்மாள் சொல்லித்தான் நமக்குத் தெரியவரும். குடிப்பதற்குப் புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடை வரை வாரம் ஒருமுறைதான் போகிறேன் என்று அவர் சொன்ன கணக்கும் அப்போது திருத்தப்படும்.