சாவி சட்டைப்பையில் இருந்தால் போதுமா?

காரை வாங்கிய முதல் வாரம். வாகன நிறுத்துமிடத்தில் இறங்கி, கதவைச் சாத்தி, கைப்பிடியில் இருந்த சின்னப் பட்டனை அழுத்தினேன். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. பழைய பழக்கம் விடுமா? பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். கதவு திறந்துகொண்டது. மறுபடி பூட்டினேன், மறுபடி இழுத்தேன், மறுபடி திறந்தது. மூன்றாவது முறை காவலாளி என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பூட்டில் ஒரு பழுதும் இல்லை. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. உரிமையாளர் கை வைக்கிறார் என்று கார் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சாவியை வெளியே எடுக்காமலே திறந்து, பட்டனை அழுத்திக் கிளப்பும் கார்களில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இந்த வகைதான். பழைய சாவி இருக்கும் இடமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். துளைக்குள் இருந்தால் எஞ்சின் ஓடுகிறது. கைக்கு வந்துவிட்டால் நின்றுவிட்டது. கதவில் திருகினால் பூட்டியாயிற்று. புதிய சாவியோ எப்போதும் பையிலேயே கிடக்கிறது. அதை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. ஆனால் கை மட்டும் பழையபடியே நம்பிக்கொண்டிருக்கிறது.

பூட்டியதைச் சரிபார்க்கக் கைப்பிடியை இழுக்க வேண்டாம். விளக்கு மின்னியதா, பக்கக் கண்ணாடிகள் மடங்கினவா, பூட்டும் சத்தம் காதில் விழுந்ததா என்று கவனியுங்கள். சில கார்களில் பூட்டிய பிறகு ஓரிரு விநாடிகளுக்கு மட்டும் கைப்பிடி திறக்காது, இழுத்துப் பார்ப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் காரில் அது உண்டா என்பதைக் கையேட்டில் பார்க்கலாம். 

இதைவிட மோசமானது, நடந்துகொண்டே தோளுக்குப் பின்னால் ரிமோட்டை அழுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் போவது. அதே அலைவரிசையில் யாராவது இரைச்சலைப் பரப்பினால் உங்கள் கட்டளை காருக்குக் கேட்காது. கார் திறந்தே நிற்கும், நீங்கள் பூட்டிவிட்டதாக நினைத்துப் போய்விடுவீர்கள். கதவருகே நின்று பூட்டுங்கள். பூட்டாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

வாசலோர ஆணியில் சாவி

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவுக்குப் பக்கத்தில் ஆணி, அதில் சாவி. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பழைய சாவிக்கு அது பொருத்தமான இடம். புதிய சாவிக்கு அதைவிட மோசமான இடம் இல்லை.

காரும் சாவியும் பேசிக்கொள்வது இப்படி: நீங்கள் கைப்பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ் அலைவரிசையில் ஒரு கேள்வி கேட்கிறது. அந்த அலை ஓரிரு மீட்டருக்கு மேல் எட்டாது. சாவி அதைக் கேட்டு, ரகசியக் கணக்கு ஒன்றைப் போட்டு, 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விடையை அனுப்புகிறது. விடை சரியாக இருந்தால் கதவு திறக்கும். இதில் கார் தனக்குள் ஒன்றை அனுமானித்துக்கொள்கிறது: என் கேள்வி சாவிக்குக் கேட்டிருக்கிறது, ஆகவே சாவி என் பக்கத்தில்தான் இருக்கிறது.

திருடர்கள் உடைப்பது அந்த அனுமானத்தை மட்டுமே. ஒருவன் கார் அருகில் ஒரு கருவியோடு நிற்கிறான், இன்னொருவன் உங்கள் வாசல் கதவோரம் இன்னொரு கருவியோடு நிற்கிறான். கார் கேட்கும் கேள்வியை முதல் கருவி வாங்கி இரண்டாவதுக்கு அனுப்புகிறது, அது சுவரைத் தாண்டி ஆணியில் தொங்கும் சாவியின் காதில் ஓதுகிறது. சாவி பொய் சொல்லத் தெரியாதது, உடனே சரியான விடையைச் சொல்லிவிடும். ரகசியக் கணக்கை யாரும் உடைக்கவில்லை, கண்ணாடி நொறுங்கவில்லை, அலாரம் அடிக்கவில்லை. கார் போய்விட்டது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிச் ஆய்வாளர்கள் 2011-இலேயே 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள், பத்தும் திறந்தன. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி பிறகு நூற்றுக்கணக்கான மாடல்களைச் சோதித்தது. பெரும்பாலானவை இதே முறையில் ஏமாந்தன.

அதனால் சாவியை வாசல், ஜன்னல், கார் நிற்கும் பக்கத்துச் சுவர் ஆகியவற்றிலிருந்து தள்ளி வீட்டின் உட்புறத்தில் வையுங்கள். அலையை மறைக்கும் உலோக இழைப் பை இருந்தால் இன்னும் நல்லது. இங்கேதான் அடுத்த தவறு வருகிறது: பையை வாங்கியதோடு நிம்மதியாகிவிடுவது. சாவியை அதற்குள் போட்டு மூடி, கார் கதவருகே நின்று கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். திறந்தால் அந்தப் பை வெறும் துணி. முதலில் சரியாக இருந்த பையும் மடிப்பில் இழை அறுந்து நாளடைவில் பயனற்றுப் போகும், ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு சாவியைப் பையில் பூட்டிவிட்டு மாற்றுச் சாவியை மேசை இழுப்பறையில் திறந்தபடி போட்டு வைப்பவர்களும் உண்டு. திருடனுக்கு எந்தச் சாவி பதில் சொன்னால் என்ன?

குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பதும் வேண்டாம். முன்னது அலையை முழுதாக மறைக்கும் என்று உறுதி இல்லை, ஈரமும் குளிரும் சாவிக்கு ஆகாது. பின்னதில் வைத்தால், காலையில் பால் சுட வைக்க வருபவர் உள்ளே பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தட்டுவார் என்று என்ன நிச்சயம்?

சில சாவிகளில் அசைவுணரி உண்டு. சில நிமிடங்கள் அசையாமல் கிடந்தால் சாவி தூங்கிவிடும், அதன்பின் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. இன்னும் சில மாடல்களில் சாவியை எடுக்காமலே திறக்கும் வசதியையே அணைத்துவைத்து, ரிமோட் பட்டனை மட்டும் பயன்படுத்தலாம். புதிய கார்கள் சிலவற்றில் அதி அகல அலைவரிசை நுட்பம் வந்திருக்கிறது. அது விடை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்கிறது. ரேடியோ அலை ஒரு நானோ விநாடிக்கு 30 சென்டிமீட்டர்தான் போகும், இடையில் யார் புகுந்தாலும் அந்த நேரத்தைக் குறைக்க முடியாது. கார் வாங்கும்போது பெரும்பாலோர் திரையின் அளவைக் கேட்கிறார்கள். நான் இதைத்தான் முதலில் கேட்பேன்.

சாவி இறங்கிப் போய்விட்டது, கார் ஓடுகிறது

மனைவியை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுக் கிளம்பினேன். கார் இரண்டு முறை கத்தியது, முகப்புப் பலகையில் மஞ்சள் நிறத்தில் ஏதோ எழுத்து வந்தது. கதவைச் சரியாகச் சாத்தவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். போட்ட பிறகு எஞ்சின் கிளம்பவில்லை. சாவி அவள் கைப்பையில், அவள் ரயிலில், எனக்குப் பின்னால் ஆறு வண்டிகள்.

ஓடிக்கொண்டிருக்கும் காரில் சாவியின் அலை அறுந்தாலும் எஞ்சின் நிற்காது. சாலை நடுவே பேட்டரி தீர்ந்த சாவியால் கார் அணைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு. திருடன் காரை ஓட்டிக்கொண்டு போக முடிவதும் அதே ஏற்பாட்டால்தான். அந்த மஞ்சள் எழுத்து வந்ததும் நின்று படிப்பது ஒன்றே இதற்கு மருந்து.

இதன் இன்னொரு முகம் கொடியது. எஞ்சின் சத்தம் மிகக் குறைவாக உள்ள கார்கள். மூடிய கேரேஜுக்குள் நிறுத்தி, சாவி பையில் இருக்கிறதே என்ற எண்ணத்தில் பட்டனை அழுத்தி அணைக்காமலே இறங்கிப் போய்விடுகிறார்கள். எஞ்சின் புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அமெரிக்காவில் 2006 முதல் 2018 வரை குறைந்தது 28 பேர் இப்படி இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் கணக்கிட்டது. வெறுமனே விட்டால் தானாக அணையும் வசதியைச் சில நிறுவனங்கள் இப்போது சேர்த்துவிட்டன. உங்கள் காரில் அது இருக்கிறதா என்று தெரியாதவரை, இறங்குவதற்கு முன் முகப்புப் பலகை இருண்டுவிட்டதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பழைய சாவிதான் பத்திரம் என்பது

இவ்வளவையும் படித்துவிட்டு, திருகும் சாவியே மேல் என்று யாராவது முடிவெடுத்தால் அதுவும் தவறு. ஒரு காரைக் காப்பது சாவியின் பற்கள் அல்ல, அதற்குள் இருக்கும் சிப். அந்த சிப்பைக் கேட்டு உறுதி செய்யாமல் எஞ்சினுக்கு அனுமதி தராத அமைப்பின் பெயர் இம்மொபிலைசர். ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களில் அதைக் கட்டாயமாக்கியது, கனடா 2007-இல். அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அங்கே கியா, ஹூண்டாய் நிறுவனங்கள் 2011 முதல் 2021 வரை விற்ற திருகுசாவி கார்களில் பல இம்மொபிலைசர் இல்லாதவை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைப் பெயர்த்துவிட்டு, ஒரு யுஎஸ்பி வயரின் முனையால் திருகிக் கிளப்பிக்கொண்டு போனார்கள் பையன்கள். 2022-இல் அது சமூக ஊடக வேடிக்கையாகவே பரவியது. அதே நிறுவனங்களின் பட்டன் வைத்த மாடல்களில் இம்மொபிலைசர் இருந்ததால் அவை தப்பின. வேடிக்கைதான்: அங்கே பழைய சாவிதான் ஓட்டை, புதியது கவசம்.

திருகுசாவிக்கே உரிய தவறு ஒன்று உண்டு: வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, பீரோ சாவி, சிறு டார்ச், ஒரு பொம்மை என்று அரைக் கிலோ கொத்தைக் காரின் துளையில் தொங்கவிடுவது. ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், எளிதில் நழுவிவிடும் இக்னிஷன் சுவிட்ச். கொத்தின் எடையோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும் காரில் சாவி தானே திரும்பி எஞ்சின் அணைந்துவிடும். ஏர்பேக்கும் வேலை செய்யாது. அந்நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியின் கணக்கில் இறந்தவர்கள் 124 பேர். சுவிட்ச் குறைபாடு நிறுவனத்துடையது. ஆனாலும் பழுது பார்க்கும்வரை சாவியை மட்டும் தனியாகப் போட்டு ஓட்டுங்கள் என்றுதான் அவர்களே சொன்னார்கள்.

பழைய கார் வாங்குபவர்கள் எத்தனை சாவிகள் தந்தார்கள் என்று எண்ணிக்கொண்டால் மட்டும் போதாது. காரின் நினைவில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்பதை சர்வீஸ் நிலையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கைக்கு வராதவற்றை அழிக்கச் சொல்லுங்கள். போனையே சாவியாகப் பயன்படுத்தும் காராக இருந்தால் முந்தைய உரிமையாளரின் கணக்கையும் நீக்க வேண்டும்.

சாவியையே தொடாத திருட்டும் உண்டு. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, முகப்பு விளக்கின் வயர்வழியாகக் காரின் உள் வலையமைப்புக்குப் பொய்ச் செய்தி அனுப்பித் திறக்கும் முறையை விவரித்தது. அதற்கு எந்த உலோகப் பையும் உதவாது. ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு உதவும். பார்க்க அழகில்லை, மாட்டிக் கழற்ற அலுப்பு. ஆனால் அறுக்க நேரம் பிடிக்கும், சத்தம் போடும். திருடனுக்குப் பிடிக்காதவை அவை இரண்டும்.

பேட்டரி தீர்ந்த இரவு

சாவிக்குள் இருப்பது பெரும்பாலும் சிஆர்2032 எனப்படும் 3 வோல்ட் வட்டப் பேட்டரி. கார் நிற்கும் இடத்துக்கு மிக அருகில் சாவியை வைத்தால் இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டு அது சீக்கிரமே தீர்ந்துவிடும். ‘சாவி பேட்டரி குறைவு’ என்று கார் பல வாரங்களுக்கு முன்பே சொல்லும். நாமும் பல வாரங்கள் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவோம்.

தீர்ந்துவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. சாவியின் பக்கவாட்டில் ஒரு தாழ்ப்பாள் இருக்கும், அதைத் தள்ளினால் உள்ளிருந்து மெல்லிய உலோகச் சாவி ஒன்று வரும். கதவைத் திறக்க அது. அப்படித் திறக்கும்போது அலாரம் அலறினாலும் அலறும், பதறாமல் உள்ளே உட்காருங்கள். கிளப்ப, செத்த சாவியைத் தொடக்கப் பட்டனோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், அல்லது கையேடு காட்டும் இடத்தில் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிப் காரிடமிருந்தே மின்சாரத்தை வாங்கிக்கொண்டு பதில் சொல்லும். 

இதை ஒரு பகல் நேரத்தில், அவசரமில்லாதபோது, ஒருமுறை செய்து பாருங்கள். நான் செய்து பார்த்திருக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு, போன் வெளிச்சத்தில், கையில் உலோகச் சாவியோடு காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். செருகுவதற்குத் துளையையே காணவில்லை. அது ஓட்டுநர் பக்கக் கைப்பிடியின் நுனியில், பெயின்ட் அடித்த சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. நான்கு வருடமாகத் தினமும் அதன்மேல்தான் கை வைத்துக்கொண்டிருந்தேன்.